டிஸ்க் நிறைந்துவிட்டது, அடுத்து என்ன? அச்சகங்களுக்கு ஒரு சேமிப்பு வழிகாட்டி

சிவகாசியில் பல நடுத்தர அச்சகங்களின் டிசைன் அறை மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, கேபினெட் மேல் 'ஆஃப் பண்ணாதே' என்று எழுதி ஒட்டிய தாள் மட்டும் இருக்கும். அதைத்தான் எல்லோரும் சர்வர் என்பார்கள். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று பத்து வருஷத்து டிசைன் முழுக்க அதன் டி டிரைவில் கிடக்கும். டிரைவ் சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் யாராவது கடைக்குப் போய் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வருவார்கள், பழைய வருஷங்களை அதற்குள் 'கட்' செய்து 'பேஸ்ட்' போடுவார்கள், மேலே மார்க்கரில் '2019–21 பழசு' என்று எழுதி டிராயரில் வைப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு டிஸ்க், இன்னொரு மார்க்கர் எழுத்து.

'கட்' செய்து என்பதைக் கவனியுங்கள். அந்த டிசைன்களுக்கு இனி ஒரே பிரதிதான், அதுவும் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் உருண்டு அடிபடுகிற ஒரு டிஸ்க்கில். பார்ட்டி போன் போட்டு "போன வருஷம் அடிச்ச அதே டெய்லி காலண்டர்தான், போன் நம்பர் மட்டும் மாத்துங்க" என்று சொல்லும் நாளில் அந்த டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் கதை முடிந்தது.

டிஸ்க் அளவைக் கூட்டுவது பெரிய வேலையே இல்லை, காசு இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். கூட்டிய அளவுக்கு இன்னொரு பிரதி எடுக்கவும், அந்தப் பிரதியை ஒரு நாளைக்குள் திரும்பக் கொண்டுவரவும் உங்களால் முடிகிறதா என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் பேட்டரியை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்துக்கொள்ளும் ஜி-டிரைவ் என்ற சேமிப்பு மொத்தமாக எரிந்துபோனது, 858 டெராபைட். மற்ற பல சிஸ்டங்களுக்கு வேறு இடத்தில் பிரதி இருந்தது, இதற்கு இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஒரு நாட்டு அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நம் டிராயர் டிஸ்க்குகளைப் பற்றி என்ன சொல்வது.

நான் இங்கே அச்சகத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே ஃபைல்கள் பெரியவை, வருஷா வருஷம் பெருகுபவை, பழையது மறுபடி தேவைப்படுபவை. ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், பனியன் கம்பெனி என்று நீங்கள் வேறு தொழிலில் இருந்தாலும் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் அளவெடுங்கள்

எந்தப் பெட்டி வாங்கலாம் என்று யூடியூப் பார்க்கும் முன் இருப்பதை அளக்க வேண்டும். விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு டிரைவையும் அதில் ஓட்டினால் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று படமாகக் காட்டிவிடும். டிராயரில் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் ஒன்றுவிடாமல் செருகிப் பாருங்கள், டிசைனர்கள் தங்கள் மெஷினிலேயே டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து. வருஷவாரியாக ஃபோல்டர் இருந்தால் வளர்ச்சி வேகமும் கையோடு தெரிந்துவிடும்: 2022 எவ்வளவு, 2023 எவ்வளவு, 2024 எவ்வளவு.

அளந்து பார்த்தால் பெரும்பாலும் இடத்தைத் தின்பது டிசைன் அல்ல என்று தெரியவரும். அச்சகத்தில் முதல் சந்தேகம் ரிப் ஃபோல்டர் மேல் இருக்கட்டும். பிளேட் எடுக்கும் முன் ரிப் மென்பொருள் பிடிஎஃப்பை நிறம் பிரித்து ஒரு பிட் டிஃப் ஃபைல்களாக எழுதிவைக்கும். 20×30 அங்குலத் தாளுக்கு 2400 டிபிஐ என்றால் ஒரு நிறத்துக்கே சுமார் 345 கோடிப் புள்ளிகள், சுருக்காமல் வைத்தால் 430 எம்பி. நான்கு நிறத்துக்கு 1.7 ஜிபி. பல ரிப்கள் சுருக்கித்தான் எழுதுகின்றன, ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை பிளேட் போகிறது என்று பெருக்கிப் பாருங்கள். இதை யாரும் அழிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் உரையாடல் இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, இந்த ரிப் ஃபோல்டர்ல போன வருஷத்தை அழிச்சிரலாமா?"

"பார்ட்டி ரிப்பீட் கேட்டா என்னப்பா பண்ணுவ?"

"பிடிஎஃப் பத்திரமா இருக்கு அண்ணாச்சி, திரும்ப ரிப் போட்டுக்கலாம்."

"அப்பச் சரி. ஆனா தீபாவளி லேபிள் மட்டும் வச்சிரு."

இந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டும். எதை அழிக்கலாம் என்பதை முதலாளியும் மூத்த டிசைனரும் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய வந்தவர் கையில் அதை விடக் கூடாது.

அடுத்தது சிசிடிவி. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. 16 கேமரா, 30 நாள் என்றால் 20 டெராபைட்டை (டிபி) தாண்டிவிடும். பழைய எச்.264-லிருந்து எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இந்த வீடியோவை டிசைன் இருக்கும் அதே சேமிப்பில் எழுதும் ஆபீஸ்களும் உண்டு, தயவுசெய்து பிரித்துவிடுங்கள். அதற்கென்று என்விஆர் என்ற வீடியோ பதிவுப் பெட்டி, அதற்கென்றே செய்த சர்வைலன்ஸ் டிஸ்க், 30 நாள் ஆனதும் தானாக மேலெழுதிக்கொள்ளும் அமைப்பு. பேக்கப்பே வேண்டாம். ஏதாவது நடந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் வாட்ஸ்அப் டவுன்லோடுகள், ஒரே போட்டோ ஏழு ஜாப் ஃபோல்டரில், பழைய மென்பொருள் செட்டப் ஃபைல்கள். இவை பெரிய விஷயமில்லை, ஒரு மதியத்தில் கழித்துவிடலாம்.

எதை எங்கே வைப்பது

மிச்சமிருப்பதை நான்காகப் பிரியுங்கள். கணக்கும் ஆர்டர் விவரமும் ஒன்று, இந்த சீசனில் ஓடும் ஜாப்கள் ஒன்று, முடிந்துபோன ஜாப்கள் ஒன்று, நாள் கடந்தால் தேவைப்படாதவை ஒன்று. நான்குக்கும் ஒரே மாதிரி சேமிப்பு கொடுப்பதுதான் செலவை ஏற்றுகிறது.

கணக்கு விஷயம் சின்னது, ஆனால் அதுதான் உயிர். டேலி டேட்டா பெரும்பாலான அச்சகங்களில் சில ஜிபியைத் தாண்டாது. அதை எஸ்எஸ்டி உள்ள ஒரு மெஷினில் வைத்து, டேலியின் பேக்கப் வசதியால் தினமும் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேலி ஃபோல்டரையே கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபைலை அது பாதியில் இழுத்துக்கொண்டு போகும், டேட்டா கெட்டுப்போக வழி அதுதான். எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது: பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிகள் சட்டம் 128-ம் பிரிவுப்படி 8 நிதியாண்டு, ஜிஎஸ்டி கணக்கு அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். மின்னணு வடிவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தியும் விட்டார்கள். பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர் என்றால் என்ன பொருந்தும் என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் ஜாப்கள் வேகமான இடத்தில் இருக்க வேண்டும், டிசைனர் 'சேவ்' அழுத்திவிட்டு டீக்குப் போகிற நிலை வரக் கூடாது.

முடிந்த ஜாப்களில்தான் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது, ஆனால் அதற்குப் பலன் உண்டு. 'ஃபைனல்', 'ஃபைனல்_நியூ', 'ஃபைனல்_கரெக்ட்_2' என்று மூன்று கோரல் ஃபைல் இருந்தால் எது அச்சுக்குப் போனது என்று ஆறு மாதம் கழித்து அதைச் செய்தவருக்கே தெரியாது. ஜாப் நம்பரை முன்னால் போடுங்கள், அப்புறம் பார்ட்டி பெயர். ஃபோல்டருக்குள் மூன்றே மூன்று: டிசைன் ஃபைல், படங்களும் எழுத்துருக்களும், பிளேட்டுக்குப் போன பிடிஎஃப். ஜாப் கார்டு மூடும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபோல்டரைப் பழைய வருஷத்துக்கு நகர்த்த வேண்டும். இன்டிசைனில் 'பேக்கேஜ்' கொடுத்தால் இணைத்த படங்களையும் எழுத்துருக்களையும் அதுவே திரட்டிவிடும். தமிழ் ஜாப்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பழைய டிசைன்களில் பாதி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஏதோ ஒன்று நிற்கும். எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஒன்று கூடவே இருந்தால், கோரலின் புது வெர்ஷன் ரொம்பப் பழைய ஃபைலைத் திறக்க மறுத்தாலும் குறைந்தபட்சம் அதை அச்சடிக்கலாம்.

வருஷம் மூடியதும் அந்த வருஷத்து ஃபோல்டரை 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். ரிப்பீட் வந்தால் நகல் எடுத்து இந்த வருஷத்து நம்பரில் திறக்கட்டும். இதில் இன்னொரு லாபம், மாறாத ஃபோல்டருக்கு ஒரு தடவை பேக்கப் எடுத்தால் போதும். தினசரி பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்களோடு நின்றுவிடும், மொத்த அளவு எவ்வளவு பெருகினாலும்.

பெட்டி வாங்கும்போது

டெஸ்க்டாப் சர்வருக்குப் பதிலாக ஒரு என்ஏஎஸ் பெட்டி, அதாவது பல டிஸ்க் செருகி நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்துக்கொள்ளும் பெட்டி. சினாலஜி, க்யூநேப் போன்றவை ரெடிமேடாகக் கிடைக்கின்றன, கை தேர்ந்த ஆள் பக்கத்தில் இருந்தால் நல்ல மெஷினில் ட்ரூநேஸ் என்ற மென்பொருள் போட்டும் ஓட்டலாம். ஆள் இல்லையென்றால் ரெடிமேட் பெட்டியே மேல், நள்ளிரவில் கெட்டுப்போனால் நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

அளவுக் கணக்கு இப்படி. இப்போது 6 டிபி, வருஷத்துக்கு 2.5 டிபி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு 13.5. எந்த வால்யூமையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் 17 டிபி வேண்டும். மேலே சொன்ன கழிவை முதலிலேயே செய்து 6 டிபியை 4 ஆக்கிவிட்டால் அதே கணக்கு 14.5-க்கு வந்துவிடும். பல டிஸ்க்கைச் சேர்த்து, சில போனாலும் டேட்டா தங்கும்படி வைப்பதுதான் ரெய்டு. 8 டிபி டிஸ்க் நான்கு போட்டு, இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 அமைத்தால் 16 டிபி. விண்டோஸ் கணக்கிடும் முறையில் அது 14.5 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சரியாகப் பொருந்துகிறது. இப்போது நான்கு டிஸ்க்தான் என்றாலும் ஆறு இடம் உள்ள பெட்டியாக வாங்கி இரண்டைக் காலியாக விடுங்கள், வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்தால் அங்கே டிஸ்க் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து வருஷத்துக்கும் இன்றே வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

ரெய்டு 5-லும் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இடமும் அதிகம் கிடைக்கும், பிறகு ஏன் ரெய்டு 6? 8 டிபி டிஸ்க் ஒன்று போய்ப் புதியதைப் போட்டால் மற்ற டிஸ்க்குகள் முழுவதையும் படித்து அதை மறுபடி நிரப்ப வேண்டும், ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரே வயசுள்ள மற்ற டிஸ்க்குகள் அந்த நேரம் முழுக்கத் திணறிக்கொண்டு ஓடும், இரண்டாவது ஒன்று விழுவதும் அப்போதுதான். ரெய்டு 6 என்றால் அதையும் தாங்கும். ஆனாலும் ரெய்டு பேக்கப் ஆகாது. அது வண்டியின் ஸ்டெப்னி மாதிரி, ஒரு டயர் பஞ்சரானால் ஊர் போய்ச் சேரலாம், வண்டியே திருடு போனால் ஸ்டெப்னியும் கூடவேதான் போகும்.

டிஸ்க் வாங்கும்போது என்ஏஎஸ்-க்கு என்று செய்ததா, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் சிஎம்ஆர் வகையா என்று பார்த்து வாங்குங்கள். படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க் விலை குறைவு, ரெய்டு மறுநிரப்பலின்போது ஆமை வேகத்துக்குப் போய்விடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டாரைப் படிக்க நெடுநேரம் போராடும், அதற்குள் பெட்டி 'இந்த டிஸ்க் செத்துவிட்டது' என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும். முடிந்தால் இரண்டு கடையில் பாதிப் பாதியாக வாங்குங்கள், ஒரே பேட்ச்சில் வந்த டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் போவதற்கு வாய்ப்பு அதிகம். பிறகு பெட்டியின் செட்டிங்ஸில் ஈமெயில் எச்சரிக்கையைப் போட்டே தீர வேண்டும். டிஸ்க் ஒன்று விழுந்து மூன்று மாதம் பீப் அடித்துக்கொண்டிருந்தும் பிரஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போவது நடக்கிற கதைதான்.

யூபிஎஸ் இல்லாமல் இதையெல்லாம் செய்யாதீர்கள். யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போகும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். ஆபீஸ் ஒரு கட்டடம், பிரஸ் ஒரு கட்டடம் என்றால் இடையில் செப்பு லேன் கேபிளுக்குப் பதில் ஃபைபர் போடுங்கள். இடி விழுந்தால் செப்பு வழியாக வந்து ஸ்விட்ச், பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டுவிடும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015-லும் 2023-லும் சென்னையில் தண்ணீர் தொழிற்பேட்டைகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம், தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள்தான் முதலில் மூழ்கின.

புதுப் பெட்டி வைத்தும் வேகம் வரவில்லை என்று பலர் புலம்புவார்கள். ஸ்விட்ச்சைப் பாருங்கள். 100 மெகாபிட் ஸ்விட்ச்சில் 2 ஜிபி ஃபைல் திறக்க 160 நொடி, ஜிகாபிட்டில் 20 நொடிக்குள். ஸ்விட்ச் ஜிகாபிட்டாக இருந்தும் ஒரு மெஷின் மட்டும் மெதுவாக இருந்தால் அதன் நெட்வொர்க் நிலையில் 'ஸ்பீடு' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஜிகாபிட்டுக்கு கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், ஒன்றை எலி கடித்திருந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுகிற சின்ன வேலை அது.

வீட்டிலிருந்து ஃபைல் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து பெட்டியை நேராக இன்டர்நெட்டில் நிறுத்தாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்க இப்படித் திறந்து கிடந்த என்ஏஎஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பாதை போட்டு உள்ளே வாருங்கள்.

பிரதி

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்த 3-2-1 விதி பழசு, இன்னும் இதைவிடச் சுலபமான ஒன்று வரவில்லை. அச்சகத்தில் இதை இப்படி அமைக்கலாம்.

முதல் பிரதி மேலே சொன்ன பெட்டியேதான், அதில் ஸ்னாப்ஷாட்டை, அதாவது அந்தந்த நேரத்து ஃபைல் நிலையைப் பெட்டியே பதிந்துவைக்கும் வசதியை, இயக்கிவிடுங்கள். மணிக்கு ஒன்று, ஒரு நாள் வரை. தினம் ஒன்று, ஒரு மாதம் வரை. டிசைனர் தவறி ஃபோல்டரை அழித்தால் ஐந்து நிமிஷத்தில் திரும்ப எடுக்கலாம்.

இரண்டாவது, விலை குறைந்த இன்னொரு பெட்டி, அதே கட்டடத்தில் வேறு அறையில், ரெய்டு கூட எளிமையாக இருக்கட்டும். இதில் ஒரு நுணுக்கம். முதல் பெட்டி இரண்டாவதுக்கு அனுப்பும்படி வைக்காமல், இரண்டாவது பெட்டி வந்து முதலாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். பாஸ்வேர்டும் வேறாக இருக்க வேண்டும், எந்த டிசைனர் மெஷினிலும் அது நெட்வொர்க் டிரைவாகத் தெரியக் கூடாது. யாரோ ஒருவர் 'இன்வாய்ஸ்' என்று வந்த ஈமெயிலைத் திறந்து ரான்சம்வேர் உள்ளே புகுந்தால் அது கண்ணில் படும் டிரைவ் எல்லாவற்றையும் பூட்டும். கண்ணில் படாதது தப்பும்.

மூன்றாவது, ஊருக்குள்ளேயே என்றாலும் வேறு கூரைக்குக் கீழே. முடிந்த வருஷங்களுக்கு இரண்டு பெரிய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் போதும், ஒன்று முதலாளி வீட்டில், ஒன்று ஆபீஸில், வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் எழுதி வருஷக்கணக்கில் கரண்ட் கொடுக்காமல் பீரோவில் வைப்பது நல்லதல்ல, இந்த வேலைக்குப் பழைய சுழலும் டிஸ்க்கே சரி. எல்டிஓ டேப் பற்றியும் கேட்பார்கள். எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி பிடிக்கும், டேப் விலை பரவாயில்லை, டிரைவ் விலைதான் நம்மை மாதிரி ஆட்களை விரட்டிவிடும். நூறு டிபிக்கு மேல் போனால் அப்போது யோசிக்கலாம்.

கிளவுட் வேண்டுமா? வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. அப்லோடு வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 மெகாபிட் அப்லோடு லைன் முழுசாகக் கிடைத்தாலும் 4 டிபி போய்ச் சேர நான்கு நாள் ஆகும், 20 டிபிக்கு 18 நாளுக்கு மேல். எனவே கணக்கு, ஓடும் ஜாப்கள், முடிந்த ஜாப்களின் பிடிஎஃப், இவ்வளவுதான் கிளவுடுக்கு. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே மையம் இருப்பதால் டேட்டா இந்தியாவுக்குள்ளேயே இருக்கும்படி தேர்ந்தெடுக்கலாம். விலைப் பட்டியல் பார்க்கும்போது மாத வாடகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ரொம்ப மலிவான ஆர்க்கைவ் வகைகளில் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம், வெளியே இறக்கத் தனிக் கட்டணம், சீக்கிரம் அழித்தால் அதற்கும் ஒரு கட்டணம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் குறைந்தது 180 நாள் வாடகை உண்டு, கேட்ட ஃபைல் கைக்கு வரச் சாதாரணமாக 12 மணி நேரம் வரை ஆகும். தீயில் எல்லாம் போன அன்றைக்குத் தொட வேண்டிய பிரதிக்கு அது சரி, நாளைக்குப் பிளேட் போட வேண்டிய ரிப்பீட்டுக்குச் சரிவராது. 'ஆப்ஜெக்ட் லாக்' வசதி இருந்தால் அதன் 'கம்ப்ளையன்ஸ்' முறையில் போட்டுவிடுங்கள், குறித்த நாள் வரை அந்தப் பிரதியை யாராலும் அழிக்க முடியாது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்தால் அந்தச் சாவியைத் தாளில் எழுதி வீட்டு லாக்கரில் வையுங்கள், அதே பெட்டிக்குள் வைத்தால் பெட்டியோடு அதுவும் போகும்.

சிங்க் என்பதும் பேக்கப் இல்லை. கூகுள் டிரைவ் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு தடவைகூடத் திரும்ப எடுத்துப் பார்க்காதவர்கள்தான் அதிகம். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறி உண்மையான டேட்டாபேஸை அழித்துவிட்டார். பார்த்தால் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தற்செயலாக யாரோ ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மென்பொருளே தொழிலாக இருப்பவர்கள் அவர்கள். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜாப் ரிஜிஸ்டரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய நம்பரைத் தொட்டு, அதை இரண்டாவது பெட்டியிலிருந்து ஒரு தடவை, கிளவுடிலிருந்து ஒரு தடவை, வேறொரு மெஷினில் இறக்கித் திறந்து பாருங்கள். எழுத்துரு வருகிறதா, படங்கள் வருகின்றனவா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ரிஜிஸ்டரிலேயே எழுதி வையுங்கள்.

மாற்றும் நாள்

எப்போது மாற்றுவது என்பதற்கு அச்சகத்துக்கென்று ஒரு நேரம் உண்டு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் பொங்கல் வரை யாரும் மூச்சுவிட முடியாது, அந்தச் சமயத்தில் சர்வரில் கை வைத்தால் முதலாளி உங்கள் மேல் கை வைப்பார். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

நகலெடுக்க எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடாதீர்கள், நடுவில் ஒரு ஃபைலில் தடுக்கினால் எது போனது எது போகவில்லை என்று தெரியாது. விண்டோஸிலேயே ரோபோகாப்பி இருக்கிறது. லாக் எழுதும், விட்ட இடத்திலிருந்து தொடரும், தேதிகளை மாற்றாது. அதில் 'மிரர்' ஸ்விட்ச் மட்டும் கவனம், மூலத்தில் இல்லாததைப் புது இடத்தில் அழித்துவிடும், மூலமும் இலக்கும் மாறிப்போனால் விபரீதம். வேலை நாட்களில் பின்னணியில் ஒரு தடவை முழுசாக ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமை மிச்சம் மாறியதை மட்டும் எடுத்தால் போதும். ஜிகாபிட் லைனில் 4 டிபிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் அதிகம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் டிரைவ் எழுத்து. டிசைன் ஃபைல் தன்னோடு இணைத்த படம் எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையையும் ஞாபகம் வைத்திருக்கும். இதுவரை எல்லா மெஷினிலும் இசட் டிரைவாகத் தெரிந்த ஃபோல்டர் நாளைக்கு எக்ஸ் டிரைவாகத் தெரிந்தால் திங்கட்கிழமை காலையில் எல்லா ஃபைலும் 'லிங்க் காணவில்லை' என்று கேட்கும். புதுப் பெட்டியையும் அதே எழுத்தில், அதே ஃபோல்டர் அமைப்பில் காட்டுங்கள். ஃபோல்டர் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஆசையை இந்த வருஷத்துப் புது ஜாப்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பழையவை இருக்கிறபடியே இருக்கட்டும்.

மாற்றியதும் பழைய சர்வரை 'படிக்க மட்டும்' ஆக்கி அப்படியே ஓடவிடுங்கள், அடுத்த காலண்டர் சீசன் ஒன்று முடியும்வரை. எதையோ விட்டுவிட்டோம் என்று தெரிவது பெரும்பாலும் பார்ட்டி ரிப்பீட் கேட்கும்போதுதான். சீசன் முடிந்ததும் அதன் டிஸ்க்கையும் டிராயரில் இருக்கும் மார்க்கர் எழுதிய டிஸ்க்குகளையும் எக்ஸ்சேஞ்சில் போடும் முன் முழுசாக அழிக்க வேண்டும். சும்மா டெலீட் கொடுத்தாலோ குவிக் ஃபார்மட் போட்டாலோ போதாது, டிஸ்க் முழுக்க மேலெழுதும் முறையில் அழியுங்கள். அதற்கும் மசியாத, செத்துப்போன டிஸ்க்காக இருந்தால் டிரில்லிங் மெஷினில் தட்டு வழியாக மூன்று நான்கு ஓட்டை போட்டுவிட்டுக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். இத்தனை வருஷத்து டிசைனும் பார்ட்டிகளின் ரேட்டும் அதற்குள்தான் இருக்கிறது.